அன்பு குறுக்கிடும் இடத்தில் உண்மையைச் சரிபார்ப்பது எப்படி?

சென்னையில் மனை வாங்கப் போகும் ஒருவர், முன்பின் தெரியாத தரகரிடம் தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று கேட்பார், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார், அங்கீகாரம் பெற்ற மனைதானா என்றும் விசாரிப்பார். அதே மனையை மனைவியின் தம்பி காட்டினால், காபி ஆறுவதற்குள் பேச்சு முன்பணத்துக்கு வந்துவிடும். மனை மாறவில்லை, பத்திரங்களும் மாறவில்லை. காட்டியவர் மாறியதால் நாம் கேட்கும் ஆதாரத்தின் அளவு குறைந்துவிட்டது. அந்த அளவை எப்படிக் கவனிப்பது, எப்படிச் சமன்செய்வது, அதை உறவு கெடாமல் எப்படிச் செய்வது என்பதை மட்டும் இந்தக் கட்டுரை சொல்ல முயல்கிறது.

யாரை நேசிக்கலாம், எந்தத் தெய்வத்தை வணங்கலாம் என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி இருக்க வேண்டும், அதன் மீது நமக்குப் பாசமோ பக்தியோ கொள்கையோ இருக்க வேண்டும், அதை நம்பி ஒரு முடிவு எடுக்க வேண்டியும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேரும்போதுதான் கீழே சொல்லப்படும் வழிகள் தேவைப்படும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஆதாரம் கேட்டுக்கொண்டிருப்பவரோடு ஒருவரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள்.

கோணல் விழும் இடம்

பாசம் கண்ணை மறைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது முழுக்கச் சரியில்லை. பாசம் உள்ளவருக்கும் எல்லாம் கண்ணில் படத்தான் செய்கிறது. கண்ணில் பட்டதை எவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்கிறார் என்பதில்தான் வேறுபாடு. பிடித்த செய்தி வரும்போது "இதை நம்ப இடமிருக்கிறதா?" என்று மனம் கேட்கிறது. பிடிக்காத செய்தி வரும்போது "இதை நம்பியே தீர வேண்டுமா?" என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் 'ஆம்' என்ற விடை கிடைக்கும், இரண்டாவது கேள்விக்கு ஏறக்குறைய எப்போதும் 'இல்லை' என்ற விடை கிடைக்கும். ஒரே மனிதர், ஒரே நாளில், தன்னை நேர்மையானவர் என்று மனதார எண்ணிக்கொண்டே இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்க முடியும் என்பதுதான் சிக்கல்.

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் எதிர்க்கும் மாணவர்களுக்கும் இரண்டு ஆய்வறிக்கைகள் கொடுக்கப்பட்டன. தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது ஒன்று, குறைக்கவில்லை என்றது மற்றொன்று. இரு தரப்பினரும் தங்களுக்குச் சாதகமான அறிக்கை நன்றாகச் செய்யப்பட்டதாகச் சொன்னார்கள். எதிரான அறிக்கையில் நுணுக்கமான குறைகளைக் கண்டுபிடித்தார்கள். படித்து முடித்தபோது இரு தரப்பும் முன்னைவிட உறுதியாகத் தத்தம் பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னது. கையில் ஆதாரம் கூடினால் கருத்து வேறுபாடு குறையும் என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

காதலைப் பொறுத்தவரை, வள்ளுவரின் தலைவி இதையே கூர்மையாகச் சொல்லியிருக்கிறாள்: "காணுங்கால் காணேன் தவறாய காணாக்கால் காணேன் தவறல் லவை." அவன் எதிரில் இருக்கும்போது தவறே தெரிவதில்லை, இல்லாதபோது தவறைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. இரண்டாவது அடிதான் நமக்கு முக்கியம். அன்பு எப்போதும் சாதகமாகவே கோணும் என்பதில்லை. கோபத்தில் இருக்கும் அன்பு அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் கோணும். ஆகவே பாசம் பொங்கும் வேளையிலோ, சண்டை முடிந்த இரவிலோ எடுத்த முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதை மறுநாள் காலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே முதல் பழக்கம்.

கேள்வியைப் பிரித்து எழுதுதல்

மனைவியின் தம்பி காட்டிய மனைக்கு வருவோம். "அவன் நம்மை ஏமாற்றுவானா?" என்பதுதான் வீட்டில் எழும் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டவுடனே விசாரணை முடிந்துவிடுகிறது. ஏனென்றால் அதற்குரிய விடை எல்லாருக்கும் தெரியும். அவர் ஏமாற்ற மாட்டார். ஆனால் அவரே ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்ற வாய்ப்பை அந்தக் கேள்வி தொடவே இல்லை. ஆளைப் பற்றிய கேள்வியையும் பொருளைப் பற்றிய கேள்வியையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினால், பெரும்பாலான குடும்பச் சண்டைகள் தொடங்குவதற்கு முன்பே அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

ஆளைப் பற்றிய பத்தியில் அவர் நல்லவர், உழைப்பாளி, தங்கையின் கல்யாணத்துக்கு ஓடியாடி உதவியவர் என்பதையெல்லாம் தாராளமாக எழுதலாம். பொருளைப் பற்றிய பத்தியில் சரிபார்க்கக்கூடியவை மட்டும் வர வேண்டும். இந்தச் சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் எடுத்தால் கடைசியாக யார் பெயரில் நிற்கிறது? பட்டாவும் அதே பெயரில் இருக்கிறதா? மனைப்பிரிவுகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் அங்கீகாரம் உண்டா? அசல் தாய்ப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்தது யார்? 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவுசெய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, உறவினர் சொன்னார், நண்பர் சொன்னார் என்று வாங்கிப்போட்ட எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் நின்றார்கள். சொன்னவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். அவர்களும் அதே மனைப்பிரிவில் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். வில்லங்கச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு: பதிவு செய்யப்படாத ஒப்பந்தம் அதில் ஏறாது. ஆகவே சான்று சுத்தமாக இருந்தால்கூட அசலைப் பார்ப்பதும், அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும், பதிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்ப்பதும் தனித்தனி வேலைகளாகவே எழுதப்பட வேண்டும்.

மாப்பிள்ளை விசாரிப்பதில் இதே தவறு வேறு வடிவில் நடக்கிறது. பையன் வீட்டார் கொடுத்த இரண்டு கைபேசி எண்களுக்கு அழைத்து, "நல்ல பையன்தானே?" என்று கேட்டு, "தங்கமான பையன்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு விசாரித்தாயிற்று என்கிறோம். 1960-இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் காட்டி, இவை ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று முடிவுகட்டிக்கொண்ட பலர் 8, 10, 12 என்பது போலத் தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொல்லி, ஒவ்வொரு முறையும் 'சரி' என்ற பதில் வாங்கி, தவறான விதியை அறிவித்தார்கள். உண்மையான விதி ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் என்பதுதான். 1, 2, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கல்யாண விசாரணையில் அந்த 1, 2, 50 என்பது, பையன் வீட்டார் பெயர் கொடுக்காத ஒருவரிடம் கேட்பது: முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்தவர், பழைய வாடகை வீட்டின் உரிமையாளர், கூடப் படித்தவர். கேள்வியும் மாற வேண்டும். "குடிப்பாரா?" என்பதைவிட "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் என்ன செய்வார்?" என்பது அதிகம் சொல்லும்.

வீட்டுக்குள் இருப்பவரைக் கவனித்தல்

பணமும் பத்திரமும் எளிய விஷயங்கள். கடினமானது, கூடவே இருப்பவரிடம் மெல்ல மெல்ல நிகழும் மாற்றத்தைப் பார்ப்பது. மந்தைவெளியில் எழுபத்தைந்து வயதுத் தாயோடு இருக்கும் ஒரு மகளை எண்ணிக்கொள்வோம். அம்மா ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறார். மகள் அதில் வெந்நீர் விளாவிப் பரிமாறிவிடுகிறாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது, எரிவாயுக் குமிழ் திறந்தே இருக்கிறது. "கையில மாவு இருந்துது, மறந்துட்டாங்க" என்கிறாள். கபாலீசுவரர் கோயிலிலிருந்து திரும்பும்போது அம்மா தெப்பக்குளத்தின் தவறான பக்கம் நடந்துபோய், பூக்காரம்மா கூட்டிவந்து விடுகிறார். "கூட்டத்துல தடுமாறிட்டாங்க" என்கிறாள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனிக் காரணம் இருப்பதுதான் இங்கே ஏமாற்றுகிறது. மகளின் அன்பு ஒரு திறமையான வழக்கறிஞரைப் போல ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியே கூண்டிலிருந்து இறக்கி அனுப்பிவிடுகிறது. ஓராண்டு கழித்து அமெரிக்காவிலிருந்து வரும் மகனுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடுகிறது. அவன் அறிவாளி என்பதால் அல்ல, இடைப்பட்ட காரணங்கள் அவனிடம் இல்லை என்பதால். (அதற்காக அவன் தங்கையைக் குறை சொல்லத் தொடங்குவது வேறு கதை. அவளாவது கூட இருக்கிறாள்.)

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒரு குறிப்பேடு. தேதி, நேரம், நடந்தது, அவ்வளவுதான். "ரசத்தில் இரண்டாம் முறை உப்புப் போட்டார்" என்று எழுதலாம். "களைப்பில் உப்பை மறந்து போட்டார்" என்று எழுதக் கூடாது. காரணம் எழுதாத குறிப்புதான் பிறகு படிக்கும்போது பேசும். எழுதத் தொடங்கும் நாளிலேயே, குறிப்புகளைப் பார்க்கும் முன்பாக, முதல் பக்கத்தில் ஒரு வரம்பைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இன்ன மாதிரியான நிகழ்ச்சி ஒரு மாதத்தில் இத்தனை முறைக்கு மேல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம் என்று. வரம்பை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், எண்ணிக்கை ஏற ஏற வரம்பும் கூடவே ஏறிக்கொண்டு போகும். அடுப்பைத் திறந்துவைப்பது போன்ற ஆபத்தான நிகழ்ச்சிக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டாம், ஒருமுறை போதும்.

பயத்தால் இதைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. முதியோரின் மறதி எல்லாமே மீள முடியாத நோய் அல்ல. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசின் தேசிய முதியோர் நல மையம் இருக்கிறது. உண்மையை அறிய அஞ்சித் தள்ளிப்போட்ட மாதங்களில், எளிதாகத் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றும் சேர்ந்து வளர்ந்துவிடும்.

மருத்துவரிடம் போன பிறகும் கோணல் விடாது. "வயசாச்சில்ல, அதனாலதானே டாக்டர்?" என்று கேட்பது, வேண்டிய விடையைக் கையில் கொடுத்து வாங்கிக்கொள்வது. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் ஒரு கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். 'மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்களைவிட 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதலான வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் சொன்னார்கள். ஆகவே மருத்துவர் முன் குறிப்பேட்டை நீட்டுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆளை மாற்றிப் பார்த்தல்

நடுநிலையோடு இருக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது என்பதற்கும் சான்று உண்டு. மரண தண்டனை ஆய்வை நடத்திய லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனோடு சேர்ந்து 1984-இல் ஒரு தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நீதிபதியைப் போல நடுநிலையோடு படியுங்கள் என்று சொல்லப்பட்ட மாணவர்களிடம் கோணல் அப்படியே இருந்தது. இதே முறையில் செய்த ஆய்வு எதிர்மாறான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பைத் தந்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களிடம் கோணல் குறைந்தது. நல்ல எண்ணத்தைவிட நல்ல கேள்வி உதவியது.

வீட்டில் இதைச் செய்ய எளிய வழி, ஆளை மாற்றுவது. உங்கள் மகன் கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்கு, வினாத்தாள் கடினம், ஆசிரியர் கறார் என்று காரணம் சொல்கிறான். எதிர்வீட்டுப் பையன் இதே மதிப்பெண்ணோடு இதே காரணத்தைச் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? உங்கள் தலைவர் மீது ஓர் ஊழல் குற்றச்சாட்டு வந்திருக்கிறது. அதே தாள்கள் எதிர்க்கட்சித் தலைவர் மீது வந்திருந்தால் போதும் என்பீர்களா? மாமியாரின் ஒரு சொல் உங்களைப் புண்படுத்தியது. அதே சொல்லை உங்கள் அம்மா சொல்லியிருந்தால் வேடிக்கை என்று சிரித்திருப்பீர்களா? விடை மாறினால், மாறிய அந்த அளவுதான் உங்கள் கோணல். அதைக் கழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விளையாட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். 1951-இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு முரட்டுக் கால்பந்தாட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் டார்ட்மத் அணி செய்ததாக எண்ணிய விதிமீறல்கள், டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே படம்தான். ஆனால் இது விதியல்ல என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில், 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு சச்சின் எடுத்த 136 ரன்னுக்குப் பிறகு கடைசி விக்கெட்டுகளை மளமளவென இழந்து 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றது. அரங்கம் சில கணங்கள் உறைந்தது. பிறகு எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றிவந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அந்தக் கூட்டத்துக்குச் சொந்த அணி மீது அன்பு குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்துப் பழகிய கண், அன்பை வைத்துக்கொண்டே எதிரணியின் ஆட்டத்தையும் பார்க்கும். பழக்கத்தால் வரக்கூடியது என்பதால்தான் இதைப் பற்றி எழுதவே முடிகிறது.

ஐந்து பேர் சொன்னால் ஐந்து சாட்சியா?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, இன்னும் பெரிய மழை வரப்போவதாக நாசா எச்சரித்திருக்கிறது என்றும், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. இரண்டும் பொய். அவற்றை அனுப்பியவர்கள் வதந்தி பரப்பும் நோக்கத்தோடு அனுப்பவில்லை. சித்தி அனுப்பினார், அண்ணன் மகள் அனுப்பினாள், மாடி வீட்டு அங்கிள் அனுப்பினார். அன்பானவர்களைப் பற்றிய பயம்தான் அந்தச் செய்தியைச் சுமந்து சென்றது. ஐந்து பேரிடமிருந்து வந்ததால் ஐந்து பேர் பார்த்தது போலத் தோன்றியது, மூலம் ஒன்றாக இருந்தும்.

எனவே எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாமல், எத்தனை பேர் தாங்களே பார்த்தார்கள் என்று எண்ணுங்கள். "உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று இரண்டு படி பின்னோக்கிக் கேட்டால் பெரும்பாலும் போதும். மழை என்றால் நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிய பேச்சு என்றாலும் இதே விதிதான். அத்தைக்குப் பெரியம்மா சொன்னது, பெரியம்மாவுக்கு அத்தையே போன வாரம் சொன்னதாக இருப்பது அரிதல்ல.

நம்பிக்கைகளை எங்கே தொடுவது, எங்கே விடுவது

1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுவதும் பிள்ளையார் பால் குடிப்பதாகக் கூட்டம் கூடியது. கரண்டியில் இருந்த பால் குறைந்தது உண்மை. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பரப்பு இழுவிசையால் பால் சிலையின் மீது மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்பதை விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து காட்டினார்கள். பால் எங்கே போகிறது என்பது சரிபார்க்கக்கூடிய கேள்வி. பிள்ளையார் இருக்கிறாரா என்பது அந்தக் கரண்டியால் தீர்கிற கேள்வி அல்ல. சாந்தோம் பேராலயத்திலும் இப்படித்தான். புனித தோமா கி.பி. 72-இல் பரங்கிமலையில் உயிர்துறந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. வரலாற்றாசிரியர் அதற்குக் கல்வெட்டும் ஆவணமும் தேடலாம், தேட வேண்டும். கல்லறை முன் மண்டியிடுபவரின் செபம் அந்தத் தேடல் முடியக் காத்திருப்பதில்லை. உங்கள் நம்பிக்கையில் எந்தப் பகுதி உலகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது, எந்தப் பகுதி நீங்கள் வாழும் விதத்தைப் பற்றியது என்று பிரித்துக்கொண்டால், முதலாவதைச் சரிபார்க்கும்போது இரண்டாவது நடுங்காது. நோய்க்கு மருந்தை நிறுத்திவிட்டு வேண்டுதல் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அது முதல் வகை. உடனே கேள்வி கேட்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஆத்திகர்களை மட்டும் மனத்தில் வைக்கவில்லை. பகுத்தறிவாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர், தமக்குப் பிடித்த தலைவர் சொன்னதாக வரும் மேற்கோளை மூலம் பார்க்காமல் பகிர்வதை நாம் தினமும் பார்க்கிறோம். கோணல் கட்சி பார்ப்பதில்லை.

கேட்கும் விதம்

இத்தனையும் தெரிந்தவர்கள்கூடச் சரிபார்க்காமல் விடுவதற்குக் காரணம் ஒரே வாக்கியம்: "மாமா, என்மேலயே நம்பிக்கை இல்லையா?" நம் வீடுகளில் ஆதாரம் கேட்பது அன்பின்மையாகப் படுகிறது. ஆகவே கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களை ஒழுங்குசெய்துகொள்வது நல்லது.

கேள்வி ஆளுக்கு ஏற்ப மாறக் கூடாது. "எங்க வீட்ல யார் வாங்கினாலும் வக்கீல்கிட்ட காட்டிட்டுத்தான். போன வருஷம் என் அண்ணன் வாங்கினப்பவும் அப்படித்தான் பண்ணோம்" என்று சொல்லும்போது அது வழக்கமாகிவிடுகிறது, சந்தேகம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைச் சொல்வதற்கு உண்மையிலேயே எல்லாரிடமும் அப்படி நடந்திருக்க வேண்டும் என்பதால், அன்பு குறைந்தவரிடம் மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இது வாயில் வராது. அடுத்து, யார் கேட்பது என்பது. மனைவியின் தம்பியிடம் மனைவியே கேட்பது சிறந்தது: "தம்பி, உனக்கும் சேர்த்துத்தான்டா பாக்கறோம், உன் காசும் அதுல இருக்கில்ல?" அக்கா கேட்டால் அக்கறை, மாமா கேட்டால் கணக்கு. கடைசியாக நேரம். பணம் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பிறகு தாள்களைக் கேட்டால் பின்வாங்குவதாகத் தோன்றும். பேச்சு தொடங்கிய அன்றே கேட்டுவிட வேண்டும்.

சரிபார்த்ததில் குறை தெரிந்தால் என்ன செய்வது என்பது தனி முடிவு. இதைக் கலக்காமல் இருப்பது மிகவும் அவசியம். அங்கீகாரம் இல்லாத மனை என்று தெரிந்த பிறகும் தம்பிக்குப் பண உதவி செய்யலாம். ஆனால் அதை உதவியாகவே கொடுங்கள், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையாக. முதலீடு என்று உங்களிடமே பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்ளாதீர்கள். என்ன நடக்கிறது என்பதை ஆதாரம் சொல்லட்டும். அவருக்கு என்ன செய்வது என்பதை அன்பு சொல்லட்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மூச்சில் செய்ய முயல்வதால்தான், உதவ விரும்புகிறவர் மனை நல்ல மனை என்று நம்பத் தொடங்குகிறார்.

எப்போது நிறுத்துவது

தேராமல் தெளிவதும், தெளிந்தவர் மேல் மறுபடி ஐயப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது 510-ஆம் குறள். இதில் முதல் பாதியைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். சரிபார்க்கத் தொடங்கும்போதே எது கிடைத்தால் நிறுத்துவேன் என்பதையும் எழுதிவையுங்கள். அது கிடைத்ததும் நிறுத்துங்கள். புதிய செய்தி ஏதும் வராமல் பழைய சந்தேகம் மட்டும் திரும்ப வந்தால், அதற்கு இன்னொரு சான்று மருந்தாகாது.

கணவன் மனைவியின் கைபேசியையோ, மனைவி கணவனின் கைபேசியையோ ஒவ்வோர் இரவும் எடுத்துப் பார்க்கும் நிலை வந்துவிட்டால் அது தகவல் தேடல் அல்ல. ஒன்றும் கிடைக்காத இரவு "அழித்துவிட்டார்" என்பதற்குச் சான்றாகிறது, ஏதோ கிடைத்த இரவும் சான்றாகிறது. எந்த விடையும் மனத்தை மாற்றாத தேடலில் சரிபார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அங்கே தேவைப்படுவது ஒரு குடும்பநல ஆலோசகர். முதல் சந்திப்புக்குப் போகும்போது கைபேசித் திரையின் படங்களைத் திரட்டிக்கொண்டு போவதைவிட, இந்தச் சந்தேகம் எந்த மாதத்தில் தொடங்கியது, அப்போது வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது பயன் தரும்.